22 வருஷமா மாட்டுக் கொட்டகையில் கிடக்கிற பிளைமௌத்: பேட்டரி வைக்கலாமா?

கேள்வி | 12-08-2025

அண்ணே, மாயவரத்துக்கு மேற்கே எங்க தாத்தா வீட்டு மாட்டுக் கொட்டகையில 1948 பிளைமௌத், அமெரிக்கக் கார் ஒண்ணு நிக்குது. 2003-க்கு அப்புறம் ஓடலை. டிப்ஸ்டிக்ல ஆயில் கறுப்பா ஒட்டுது, ரேடியேட்டர்ல பாதி தண்ணி இருக்கு. புதுசா 12 வோல்ட் பேட்டரி வாங்கி வச்சிருக்கேன். பெட்ரோல் ஊத்தி செல்ஃப் அடிச்சுப் பாக்கலாமா? இதோட மல்லுக்கட்டாம, ஓடுற வண்டியா ஒண்ண அமெரிக்காவுலேர்ந்தே இறக்கிடலாம்ங்கிறாரு மச்சான். எது சரி?

12-08-2025, இரவு

பேட்டரியை வைக்காதீங்க தம்பி. அது 6 வோல்ட் வண்டி. அதிலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேரணும். நம்ம ஊர் எலெக்ட்ரீசியன் கை பழக்கத்தில் நெகட்டிவை பாடியில் மாட்டிடுவார். மச்சான் கேள்விக்குப் பிறகு வரேன்.

13-08-2025

முதலில் இன்ஜின் சுற்றுதான்னு தெரியணும். அதைக் கையால்தான் தெரிஞ்சுக்கணும், செல்ஃபால் இல்லை. துருப்பிடிச்சு ஒட்டின ரிங்கைச் செல்ஃப் மோட்டார் இழுத்தால் ரிங் உடையும். ஒட்டின வால்வை இழுத்தால் டாப்பெட் போகும்.

ஆறு பிளக்கையும் கழற்றுங்க. கழற்றும் முன்னாடி பிளக் குழியில் காற்றடிச்சு உமி, பதர், எலிப் புழுக்கை எல்லாத்தையும் வெளியேத்துங்க. இல்லேன்னா அத்தனையும் சிலிண்டருக்குள்ளே போகும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு 30 மில்லி ஊத்துங்க. ஒரு வாரம் ஊறட்டும். நடுவில் இரண்டு தடவை திரும்ப ஊத்துங்க. அப்புறம் முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவா அசைச்சுப் பாருங்க. அரை அங்குலம் அசைஞ்சாலும் போதும், நிறுத்திட்டு மறுநாள் பாருங்க. ஹேண்டில் மேல் ஏறி நிக்கிற வேலையே வேண்டாம்.

இது சைடு வால்வு இன்ஜின், வால்வெல்லாம் பிளாக்கிலேயே இருக்கு. மேனிஃபோல்டுக்குப் பின்னாடி இரண்டு தகடு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் பன்னிரண்டு வால்வு ஸ்பிரிங்கும் கண்ணுக்குத் தெரியும். ஒருத்தரை மெதுவா ஹேண்டில் சுத்தச் சொல்லிட்டு, ஏறின வால்வு இறங்குதான்னு ஒவ்வொண்ணாப் பாருங்க. மேலேயே நிக்கிற வால்வின் தண்டில் அதே கலவையை விட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டி இறக்கணும்.

அடுத்தது சேம்பர், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் நிக்கிற தொட்டி. இதை விடாமல் இறக்கணும். அந்தக் காலத்து ஆயிலில் டிடர்ஜென்ட் கிடையாது, அழுக்கெல்லாம் அடியில் தங்கிக் களியா நிக்கும். ஆயில் உறிஞ்சுற சல்லடை மிதக்கிற வகை. களி ஒட்டினால் அது மிதக்காது. பழைய களியை வச்சுக்கிட்டே புது டிடர்ஜென்ட் ஆயில் ஊத்தினால், களி கரைஞ்சு நேரா ஆயில் வழியை அடைக்கும். சேம்பரையும் சல்லடையையும் மண்ணெண்ணெயில் கழுவி, புதுப் பேக்கிங் போட்டு மூடுங்க. ஆயில் 5 அமெரிக்கக் குவார்ட், நம்ம கணக்கில் 4.7 லிட்டர்.

14-08-2025

நேத்து எழுதினதில் ஒரு திருத்தம். அசிட்டோன் நம்ம ஊர் வெயிலுக்கு அரை நாளில் பறந்துடும். ஊத்தின உடனே பிளக்கை விரலால் திருகி மூடி வைங்க. பெயின்ட் மேல் சிந்தினால் பெயின்ட் கையோடு வரும். பானெட் ஓரத்தில் பழைய வேட்டி ஒண்ணைப் போட்டுக்கோங்க.

"டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளி இன்ஜினைச் சுத்தலாமே" என்று ஒருத்தர் எழுதியிருக்கார். ஏற்கனவே அசைஞ்ச இன்ஜினுக்குச் சரி. ஒட்டின இன்ஜினுக்கு அது ஆபத்து. நாலு ஆள் தள்ளுற விசை ஹேண்டிலைவிடப் பல மடங்கு.

15-08-2025

கேஸ்கெட் ஆர்டர் போடும் முன்னாடி நாடா எடுத்து சிலிண்டர் ஹெட்டை நீளவாக்கில் அளந்து பாருங்க. இதை விட்டவங்க நிறையப் பேர்.

அமெரிக்காவில் செய்த பிளைமௌத் இன்ஜின் ஹெட் 23½ அங்குலம். கனடாவில் செய்தது 25 அங்குலம். காமன்வெல்த் நாடுகளுக்கு வந்த வலப்பக்க ஸ்டீரிங் வண்டிகளில் கனடா சரக்கு உண்டு. கொள்ளளவு இரண்டுக்கும் ஏறக்குறைய 218 கன அங்குலம்தான், அங்கேதான் ஏமாறுறது. அமெரிக்க இன்ஜினுக்கு போர் (சிலிண்டர் விட்டம்) 3¼ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 4⅜. கனடா இன்ஜினுக்கு போர் 3⅜, ஸ்ட்ரோக் 4 1/16. ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், ரிங் எதுவும் ஒண்ணுக்கொண்ணு சேராது. "218 பிளைமௌத்துக்கு ஒரு செட்" என்று கேட்டால் விற்கிறவர் அமெரிக்க செட்டைத்தான் அனுப்புவார்.

இன்ஜின் எண் பிளாக்கின் இடப்பக்கம், டைனமோவுக்கு மேலே தட்டையான இடத்தில் அடிச்சிருக்கும். பி15 என்று தொடங்கினால் 1946 முதல் 49 தொடக்கம் வரை வந்த பிளைமௌத். டி24 என்றால் டாட்ஜ். டாட்ஜ் இன்ஜின் மாட்டின பிளைமௌத்தும் இருக்கலாம், பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆர்சி புத்தகத்தில் என்ன எண் இருக்குன்னு இப்பவே பாருங்க, பின்னாடி வேலை இருக்கு.

17-08-2025

கேள்வியில் "மாட்டுக் கொட்டகை" என்று இருந்ததை முதல் நாள் நான் கவனிக்கலை. அது சும்மா ஒரு கொட்டகை இல்லை.

மாட்டு மூத்திரத்திலிருந்து அம்மோனியா வரும். அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் பித்தளை வெடிக்கும். துருவாகத் தெரியாது, மயிரிழை போல் விரிசல் விடும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வச்ச பித்தளைத் தோட்டா உறைகள் இப்படித்தான் தானா விரிசல் விட்டது. உங்க வண்டியில் பித்தளை எங்கெல்லாம் இருக்குன்னு யோசிங்க: ரேடியேட்டர் குழாய், பெட்ரோல் குழாய் நட்டு, பிரேக் லைன் இணைப்பு, கார்ப்பரேட்டர் ஜெட், மிதவை. பச்சை பூத்த எதையும் துடைச்சுட்டு அப்படியே மாட்டாதீங்க. மிதவையைச் சுடுதண்ணியில் அமுக்கிப் பாருங்க. குமிழ் வந்தால் ஓட்டை. பிரேக் லைன் இணைப்பில் ஆராய்ச்சியே வேண்டாம், எல்லாத்தையும் மாத்திடுங்க.

வயரிங்கும் அப்படித்தான். துணி சுத்தின வயர், உள்ளே செம்பு பச்சையாப் போயிருக்கும், வெளியே எலி கடிச்சிருக்கும். இந்த வண்டியில் பேட்டரிக்கும் ஆம்பியர் மீட்டருக்கும் நடுவே ஃபியூஸ் கிடையாது. ஷார்ட் ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னாடிதான் பத்தும். கொட்டகையில் வைக்கோல் வேற. பேட்டரி பக்கத்திலேயே கத்தி மாதிரி ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போட்டாகணும்.

19-08-2025

டேங்க். இறக்கி, பழைய பெட்ரோலைக் கொட்டி, துருவை எடுக்க மொலாசஸ். மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து வாய் வரைக்கும் நிரப்பி, இரண்டு வாரம் வைங்க. துரு மட்டும் போகும், நல்ல இரும்பைத் தொடாது. நாத்தம் மட்டும் தெருவே கேட்கும். வெளியே கொட்டினதும் நல்லாக் கழுவி, அன்னைக்கே உலர்த்தி உள்ளே ஆயில் சுழற்றி விடுங்க. ஈரத்தோடு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி செம்மண் நிறம்.

22-08-2025

கார்ப்பரேட்டரையும் அதே தொட்டியில் போட்டுட்டதா ஒருத்தர் எழுதியிருக்கார். என் தவறு, சொல்லியிருக்கணும். மொலாசஸ் இரும்புக்கும் எஃகுக்கும் மட்டும். அந்தக் கார்ட்டர் கார்ப்பரேட்டரில் துத்தநாக வார்ப்பு இருக்கு, அதை அமிலம் அரிச்சுடும். உடனே எடுத்து சோடா உப்புத் தண்ணியில் கழுவச் சொல்லியிருக்கேன். மேல்பரப்பு சாம்பல் நிறமா இருந்தால் தப்பிச்சது. குழி விழுந்து ஜெட் மரை இளகியிருந்தால் வேற ஒண்ணு தேடணும்.

24-08-2025

ரேடியேட்டரில் பாதித் தண்ணி இருக்குன்னு சொன்னீங்க. அது எந்தத் தண்ணி? டெல்டாவில் கிழக்கே போகப் போக போர் தண்ணி உப்புக் கூடும். மேற்கே இரும்புச் சத்து. இரண்டும் இந்த இன்ஜினுக்கு விஷம்.

காரணம் உள்ளே இருக்கு. வாட்டர் பம்புக்குப் பின்னாடி, பிளாக்குக்குள்ளே முன்னிருந்து பின் வரைக்கும் ஒரு தகட்டுக் குழாய் ஓடும். அதில் ஒவ்வொரு வால்வுக்கும் நேரா ஓட்டை இருக்கும். பம்ப் தள்ளுற குளிர்ந்த தண்ணியைக் கடைசி சிலிண்டர் வரை கொண்டுபோறது அந்தக் குழாய்தான். அது துருப்பிடிச்சு உதிர்ந்தால் முன்பக்கம் குளிரும், 5-ஆவது 6-ஆவது சிலிண்டர் வேகும். மீட்டர் நார்மல்னுதான் காட்டும். பின் சிலிண்டரில் வால்வு எரிஞ்சு, பிளாக் விரிசல் விட்ட பிறகுதான் தெரியும். "இந்த வண்டி நம்ம வெயிலுக்கு ஆகாது, எப்பவும் ஹீட் ஆகும்" என்று சொல்றவங்க வண்டியில் பெரும்பாலும் இந்தக் குழாய் செத்திருக்கும். வண்டி வெயிலுக்கு ஆகும்.

ரேடியேட்டரையும் பம்பையும் கழற்றினால் குழாயின் வாய் தெரியும். கம்பியில் கொக்கி வளைச்சு மாட்டி மெல்ல இழுக்கணும். நல்ல நாளாயிருந்தால் முழுசா வரும். இல்லேன்னா துண்டு துண்டா வரும், ஒவ்வொரு துண்டையும் எடுத்தாகணும். பிளாக்கின் தண்ணி அறையை மூடுற வட்டத் தகடுகளான பக்கவாட்டு வெல்ஷ் பிளக்குகளையும் கழற்றி, பிளாக் அடியில் தங்கின சேற்றைக் கம்பியால் கிளறி, முன்னும் பின்னும் தண்ணி அடிங்க. பின் சிலிண்டர் பக்கம் கைப்பிடி கைப்பிடியா வரும். புதுக் குழாய் பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ்ஸிலோ வாங்குங்க. இது இறக்குமதிதான்.

மறுபடி நிரப்ப பேட்டரி தண்ணியும் பச்சைக் கூலன்ட்டும், மூணில் ஒரு பங்கு கூலன்ட். மொத்தம் 14 லிட்டர் பிடிக்கும். கோடைக்கு 71 டிகிரி தெர்மோஸ்டாட் போதும். தெர்மோஸ்டாட்டையே எடுத்து எறியிற பட்டறைப் பழக்கம் வேண்டாம்.

அறுவடைக் காலத்தில் ஒரு வேலை கூடுதல். ரோட்டில் நெல் காயப்போட்ட இடமாப் போய் வந்தால் ரேடியேட்டர் முகத்தில் பதரும் வைக்கோல் தூசியும் அப்பிக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னாடி நோக்கிக் காற்றடிங்க. முன்னாடியிலிருந்து அடிச்சால் இன்னும் உள்ளே இறுகும்.

30-08-2025

6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று கீழே பின்னூட்டத்தில் ஒரே சண்டை. முதல் நாள் நான் எழுதினது கொஞ்சம் விறைப்பா இருந்துச்சு. நிதானமாச் சொல்றேன்.

6 வோல்ட் சிஸ்டம் மோசம் இல்லை. மோசம் அதில் 12 வோல்ட் வண்டியின் கேபிளை மாட்டுறது. வோல்ட் பாதி என்றால் அதே வேலைக்கு ஆம்பியர் இரட்டிப்பு. 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறைஞ்ச கேபிள் போட்டால் செல்ஃப் முனகும். பட்டறையில் "6 வோல்ட் இழுக்காதுங்க" என்று தீர்ப்பு வந்துடும். கனமான கேபிள், எர்த் கேபிள் நேரா இன்ஜினுக்கு, பெயின்ட் சுரண்டின இடத்தில் முனை. இதைச் செஞ்சால் நம்ம ஊர்க் குளிருக்கு இல்லை, காஷ்மீர்க் குளிருக்கே இழுக்கும்.

12-க்கு மாத்தியே ஆகணும்னா: பல்பு எல்லாம் மாத்தணும். காயில் 12-க்கு ஏத்தது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். டேஷ்போர்டில் பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்லை. ஆயில் மீட்டர் குழாயில் வேலை செய்யுது, டெம்பரேச்சர் மீட்டரும் குழாய், ஆம்பியர் மீட்டருக்கு வோல்ட் பத்திக் கவலையே இல்லை. பெட்ரோல் மீட்டருக்கு மட்டும் வோல்ட்டைக் குறைச்சுக் கொடுக்கணும். 6 வோல்ட் செல்ஃப் 12-இல் வேகமாச் சுத்தும், அஞ்சு செகண்டுக்கு மேல் அழுத்தாமல் இருந்தால் தாங்கும்.

என் ஓட்டு 6-க்குத்தான். காரணம் ஆர்சி பத்தி எழுதும்போது வரும்.

அப்படியே வச்சுக்கிட்டால் டைனமோவுக்குத் துருவம் காட்டணும். இன்ஜின் நின்ற நிலையில், பேட்டரி பாசிட்டிவ் எர்த்தாக மாட்டின பிறகு, ரெகுலேட்டரில் 'பி' முனையையும் 'ஏ' முனையையும் ஒரு வயரால் கண்ணிமைக்கிற நேரம் தொட்டு எடுங்க. சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். இதை விட்டால் டைனமோ எதிர்த்திசையில் சார்ஜ் செஞ்சு கட்அவுட் பாயிண்ட்டை ஒட்ட வச்சுடும்.

07-09-2025

பிரேக் டிரம் கழற்ற வரலைன்னு கேட்டிருக்கீங்க. சம்மட்டியைக் கீழே வைங்க.

முதலில் வீல் போல்ட். இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரை. அங்கே வலப்பக்கம் சுத்தினால்தான் கழலும். இது தெரியாமல் இரண்டு ஆள் பைப் மாட்டித் தொங்கி போல்ட்டை முறிச்ச கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

பின் டிரம் ஆக்சிலின் கூம்பு முனையில் சாவிக் கட்டையோடு இறுகியிருக்கும். மூணு கால் புல்லரை (இழுத்துக் கழற்றுற கருவி) டிரம் ஓரத்தில் மாட்டினால் டிரம் வளையும், உடையவும் செய்யும். போல்ட் ஓட்டைகளிலேயே இறுக்குற தட்டுப் புல்லர் வேணும். அரை அங்குலத் தகட்டை அஞ்சு ஓட்டை போட்டு, நடுவில் கனமான திருகு வச்சு லேத்தில் ஒரு நாளில் செய்வாங்க. ஆக்சில் நட்டை முழுசாக் கழற்றாமல் நாலு சுத்து மட்டும் தளர்த்தி விடுங்க. புல்லரை இறுக்கிட்டு ராத்திரி அப்படியே விட்டுடுங்க. கூம்பு விடும்போது துப்பாக்கிச் சத்தம் கேட்கும், நட்டு இல்லேன்னா டிரம் பறந்து வரும்.

முன் சக்கரத்துக்கு இரண்டு சிலிண்டர், பின்னாடி ஒண்ணு, ஆக மொத்தம் ஆறு. இத்தனை வருஷ ஈரத்தில் உள்ளே குழி விழுந்திருக்கும். ஹோன் போட்டுத் தேய்ச்சு குழியைத் துரத்தினால் அளவு பெருகி ரப்பர் கசியும். ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுப் பழைய அளவுக்கே கொண்டு வாங்க. மாஸ்டர் சிலிண்டருக்கும் அதுவே. இது ஒற்றை லைன், ஒரு சக்கரத்தில் கசிஞ்சால் நாலிலும் பிரேக் இல்லை. ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸ் வாலில் இருக்கிறது. நிக்கிற வண்டியைப் பிடிக்கத்தான் அது, ஓடுற வண்டியை நிறுத்த இல்லை.

ஆயில் டாட் 3 ஊத்தினால் வருஷத்துக்கு ஒரு முறை முழுசா மாத்துங்க, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 5 சிலிகான் இழுக்காது, ஆனால் பழையதோடு கலக்கக் கூடாது.

21-09-2025

மச்சான் கேள்வி. அமெரிக்காவிலிருந்து வண்டியே இறக்கலாமா?

சட்டம் இடம் கொடுக்குது. முன்னே 1950 ஜனவரி 1-க்கு முன் செஞ்ச வண்டிதான் விண்டேஜ் என்று வருஷத்தைக் கட்டி வச்சிருந்தாங்க. 2025-இல் அது 50 வயசு தாண்டின வண்டி என்று மாறிடுச்சு. ஆக இப்ப 1970-களின் தொடக்கத்து இம்பாலா வரைக்கும் கதவு திறந்திருக்கு. ஆனால் சுங்க வரி வண்டி விலையைத் தூக்கிச் சாப்பிடும், அதுக்கு மேல் கப்பல் கூலி. வர்றது இடப்பக்க ஸ்டீரிங். மோட்டார் வாகனச் சட்டம் 120-ஆம் பிரிவுப்படி, வேலை செய்யிற சிக்னல் கருவி இல்லாமல் இடப்பக்க ஸ்டீரிங் வண்டியைப் பொது ரோட்டில் எடுக்க முடியாது. நம்ம ஆற்றங்கரை ரோட்டில் கரும்பு லாரியை முந்த, பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லணும். மச்சான் வருவாரான்னு கேளுங்க.

அந்த நாளில் பாகமா வந்து இங்கேயே கோத்துப் பூட்டின அமெரிக்க வண்டிகள் இருக்கும்போது கடல் தாண்டுவானேன்? ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சேவ்ரியில் 1928 முதல் 1954 வரை பூட்டியது. குர்லாவில் பிரீமியர், கிரைஸ்லர் வண்டிகளைப் பூட்டியது. கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் ஸ்டூடிபேக்கர். அதெல்லாம் வலப்பக்க ஸ்டீரிங், நம்ம ரோட்டுக்குன்னே வந்தது. டெல்டா மிராசுதார்கள் "பிளஷர் கார்" என்று சொன்னதில் பாதி இதுதான்.

இறக்க வேண்டியது உதிரிதான், அதுவும் கொஞ்சம்: கேஸ்கெட் செட், தண்ணிக் குழாய், பம்ப் ரிப்பேர் கிட், பிரேக் ரப்பர், பெட்ரோல் பம்ப் டயாஃபிரம், கண்ணாடி ரப்பர், பாயிண்ட். கிங் பின் புஷ், ரேடியேட்டர் கோர், சைலன்சர், லீஃப் ஸ்பிரிங், வயரிங் எல்லாம் உள்ளூர். சீட்டுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னை நார் இருக்கு, ஃபோமைவிட வெயிலில் இதம்.

வரிக் கணக்கு: மோட்டார் பாகம் சுங்கப் பட்டியலில் 8708 தலைப்பில் வந்தால் அடிப்படை வரி 15 சதவீதம், அதன் மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல், எல்லாம் சேர்ந்த தொகைக்கு ஜிஎஸ்டி 28. நூறு ரூபாய்ச் சரக்கு 149 ஆகும். அந்த நூறில் கப்பல் கூலியும் அடக்கம், அதனால் கனமான சாமானைத் தனித்தனியா வரவழைக்காதீங்க.

23-09-2025

நேத்து முதல் மோட்டார் உதிரிக்கு ஜிஎஸ்டி 18 ஆயிடுச்சு. 149-ஐ அடிச்சுட்டு 137.50 என்று படிங்க. எழுதி இரண்டு நாள்கூட நிக்கலை.

02-10-2025

நேத்து ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கணும், டயர் மாட்டியாச்சுன்னு கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கார். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். தம்பி, அது டிராக்டர் முன் டயர்.

அளவு 6.00-16 சரிதான், வண்டிக்கும் அதேதான். நீளவாக்கில் மூணு வரி மட்டும் ஓடுற டயர் வயலுக்கு. சாலை வேகத்துக்குச் செஞ்சதில்லை, ஈர ரோட்டில் பிரேக் பிடிச்சால் வழுக்கும், சூடேறினால் பிரியும். அதே அளவில் ஜீப் டயர் கிடைக்குது. அதையும் டியூபும் வாங்குங்க. எலுமிச்சம்பழத்துக்கு இது போதும், கும்பகோணம் போய் வர இது போதாது.

11-10-2025

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருத்தர், 1948 செவர்லே, ஆயில் பிரஷர் 14 பிஎஸ்ஐக்கு மேல் ஏற மாட்டேங்குது, இன்ஜினைப் பிரிக்கலாமான்னு கேட்டிருக்கார்.

பிரிக்காதீங்க, அதுதான் நார்மல். அந்த 216 கன அங்குல இன்ஜினில் மெயின் பேரிங்குக்கும் கேமுக்கும் மட்டும்தான் பிரஷர் ஆயில். கனெக்டிங் ராடு அடியில் கரண்டி மாதிரி ஒரு மூக்கு இருக்கு, அது சேம்பரில் உள்ள தொட்டியில் ஆயிலை அள்ளிக்கும். வேகம் கூடினால் குழாய் நுனியிலிருந்து ஆயில் அந்தக் கரண்டிக்கு நேரா பீய்ச்சும். 14 இருந்தால் கும்பிட்டுட்டு ஓட்டுங்க. பிரஷர் ஏத்தணும்னு ஸ்பிரிங்கை இறுக்கினவங்கதான் கெடுத்துக்கிட்டது.

ராடு பேரிங் அதில் ஷெல் கிடையாது, வெள்ளை மெட்டல் ஊத்திக் கடைஞ்சது. தட்டுச் சத்தம் வந்தால் முதலில் ராடுக்கும் கேப்புக்கும் நடுவில் உள்ள ஷிம்மில் (மெல்லிய தகடு) ஒண்ணை எடுத்துப் பாருங்க. இரண்டு பக்கமும் சமமா எடுக்கணும். ஷிம் தீர்ந்த பிறகுதான் மறுவார்ப்பு. ஈயம் கலந்த மலிவு மெட்டலை ஊத்த விடாதீங்க. வெள்ளீயம் 89, ஆன்டிமனி 7.5, செம்பு 3.5 என்ற விகிதம். ஊத்துற சூடு 424 டிகிரி.

26-10-2025

ஐப்பசி மழை பிடிச்சாச்சு. வேலை பாதியில் நிக்கிற வண்டிக்கு: தார்ப்பாய் போட்டு மூடாதீங்க, உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். நம்ம மண் வண்டல், கீழேயிருந்து ஈரம் உறிஞ்சி மேலே விடும். தரையில் கனமான பாலிதீன் விரிச்சு அதுக்கு மேல் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைங்க. சைலன்சர் வாயை அடைச்சால் ஸ்டீரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்க, ஞாபகத்துக்கு. எலிக்குப் பாச்சை உருண்டை எல்லாம் பேச்சுக்குத்தான். பூனை.

பெட்ரோல் இப்ப எங்கேயும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கிட்டு டேங்க் அடியில் போய் உட்காரும். பழைய ரப்பர் டயாஃபிரம் ஊறிப் பிய்ஞ்சு, பெட்ரோல் நேரா சேம்பருக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கூடினால் சந்தோஷப்படாதீங்க, மோந்து பாருங்க. எத்தனால் தாங்குற டயாஃபிரமும் ஹோஸும் போடுங்க. கலவை 7, 8 சதவீதம் மெலியும், அதுக்கு மெயின் ஜெட் விட்டத்தை 3, 4 சதவீதம் கூட்டினால் சரியாகும். ஈயமில்லாப் பெட்ரோலால் வால்வு சீட் போகும்னு பயப்பட வேண்டாம், இந்த இன்ஜினுக்கு எக்ஸாஸ்ட் பக்கம் கடின சீட் கம்பெனியிலேயே போட்டது. மாசம் இரண்டு மாசம் ஓட்டாமல் வைக்கிறதா இருந்தால் டேங்கையும் கார்ப்பரேட்டரையும் காலி பண்ணிடுங்க.

09-11-2025

பானெட் மேல் இருந்த கப்பல் பொம்மையைக் காணோம், ஒரு கதவுக் கைப்பிடியும் உடைஞ்சிருக்காம். பிளைமௌத்துக்குப் பாய்மரக் கப்பல்தான் சின்னம். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருந்துக்கிட்டுப் பாய்மரத்துக்கு அமெரிக்காவைக் கேக்குறீங்க.

சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு செய்யிறவங்க கையில் இதெல்லாம் நடக்கும். கம்பெனிச் சாமான் துத்தநாக வார்ப்பு, குழி விழுந்தால் சரி பண்ண முடியாது. பித்தளையில் வார்த்துட்டால் அதைவிடக் கெட்டி. இன்னொரு கைப்பிடி முழுசா இருந்தால் அதிலிருந்து சிலிகான் அச்சு எடுத்து மெழுகு வார்த்துக் கொடுங்க. பித்தளை ஆறும்போது ஒண்ணரை, இரண்டு சதவீதம் சுருங்கும், அந்த அளவுக்கு மெழுகைப் பூசிப் பெருசாக்கணும். மெல்லிய ஓரம் 3 மில்லிமீட்டராவது வேணும். சதுரத் தண்டு நுழையிற ஓட்டையை வார்க்கச் சொல்லாதீங்க, கெட்டியா வார்த்து அப்புறம் கடைஞ்சுக்கலாம். காவிரி வண்டலை அரைச்சுப் பூசுறதால் மெழுகில் உள்ள நகக்கீறல்கூட உலோகத்தில் வரும், அதனால் மெழுகிலேயே முடிச்சுடுங்க. குரோம் பூசுறவரிடம் முதலில் நிக்கல் கனமா, அதுக்கு மேல் குரோம் என்று சொல்லி வாங்குங்க. நேரா குரோம் பூசினால் கடற்காத்துக்கு ஒரு மழைக்காலம் தாங்காது.

கிளம்புறப்போ கையைக் கட்டிக்கிட்டு நின்னு "சாமி மாதிரி வேணாம், கப்பல் மாதிரியே வேணும்" என்று சொல்லிட்டு வாங்க.

16-11-2025

ஆர்சி. 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதியில் விண்டேஜ் பதிவு வந்தது. 50 வயசு தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், மறுபதிவு 5,000. நம்பர் டிஎன் விஏ என்று தொடங்கும். இந்த "மாற்றம் கூடாது" காரணமாத்தான் நான் 6 வோல்ட் பக்கம் நிக்கிறேன். வோல்ட்டேஜ் மாத்தினதுக்காகத் தள்ளுபடி செய்வாங்கன்னு சொல்லலை. ஆனால் டீசல் இன்ஜின் இறக்கின வண்டிகளுக்கு இந்தக் கதவு மூடினதுதான். எண்பதுகளில் சிக்கனத்துக்காக மாட்டினது இப்ப கழுத்தைப் பிடிக்குது.

இன்னொரு பக்கமும் இருக்கு. விண்டேஜ் பதிவு வண்டியைத் தினப்படி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பழுது பார்க்கப் போய் வர, அவ்வளவுதான். பழைய சாதா ஆர்சி உயிரோடு இருந்தால் அதை விட்டுடாதீங்க. எஃப்சி காட்டிப் புதுப்பிச்சு ஓட்டுறதுதான், திருநள்ளாறு வரைக்கும் குடும்பத்தோடு போகணும்னு நினைக்கிறவருக்கு வழி. தாத்தா பேரில் இருந்தால் படிவம் 31, கூட வாரிசுச் சான்றிதழ். 30 இல்லை, அது விற்பனைக்கு. இன்ஜின் எண்ணை ஆகஸ்டிலேயே பார்க்கச் சொன்னது இதுக்குத்தான்.

18-11-2025

"ஆர்சியில் பி15, பிளாக்கில் டி24" என்று பதில் வந்திருக்கு. நினைச்சேன். இன்ஜின் மாற்றத்தை முதலில் ஆர்சியில் ஏத்திட்டு அப்புறம் பெயர் மாற்றம். வரிசை மாறினால் இரண்டு தடவை அலையணும்.

டி24 என்பதால் ஒண்ணு: அது 230 கன அங்குலம். கேஸ்கெட் நாடாவில் அளந்ததுதானே, அது பொருந்தும். ரிங் வாங்கியிருந்தால் போர் அளந்துட்டு மாட்டுங்க.

30-11-2025

சேம்பர், தண்ணிக் குழாய், பிரேக், வயரிங் நாலும் முடிஞ்சதுன்னு தகவல். இப்ப ஸ்டார்ட் பண்ணலாம்.

பிளக் இடைவெளி 0.025 அங்குலம், ஆட்டோலைட் பாயிண்ட் 0.020. ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4. டாப்பெட் இடைவெளி, இன்ஜின் சூட்டில் இன்டேக் 0.008, எக்ஸாஸ்ட் 0.010. ஆறின இன்ஜினில் இரண்டையும் 0.002 கூட்டி வச்சுக்கிட்டு, சூடானதும் சரி பண்ணுங்க. ஹெட் போல்ட்டில் சில தண்ணி அறைக்குள் இறங்கும், அந்த மரைக்கு சீலன்ட் தடவலைன்னா ஆயிலில் தண்ணி தெரியும்.

பிளக் இல்லாமல் செல்ஃப் அடிச்சு ஆயில் மீட்டர் முள் எழும்புற வரைக்கும் சுத்துங்க. பத்துப் பத்து செகண்டா, நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. முள் எழும்பலைன்னா ஆயில் பம்ப் காய்ஞ்சிருக்கு. பம்பைக் கழற்றிப் பல்லில் வாஸ்லின் அப்பி மாட்டினால் பிடிச்சுக்கும். அப்புறம் கம்ப்ரஷன். எண் எவ்வளவுங்கிறதைவிட ஆறும் ஒண்ணுக்கொண்ணு 10 பிஎஸ்ஐக்குள் இருக்கான்னு பாருங்க.

பழைய டேங்கை முதல் நாளே நம்பாதீங்க, ஒரு லிட்டர் கேனில் பெட்ரோல் வச்சுத் தனி ஹோஸ். பக்கத்தில் தீயணைப்பான், வைக்கோல் வெளியே. பிடிச்சதும் ஆக்சிலேட்டரை உறும விடாமல் மிதமான வேகத்தில் இருபது நிமிஷம். கையை 6-ஆவது சிலிண்டர் பக்க ஹெட்டுக்கு மேலே காட்டுங்க, அப்புறம் 1-ஆவதுக்கு. சூடு ஒண்ணா இருந்தால் தண்ணிக் குழாய் வேலை செய்யுது. அந்த ஆயிலை 100 கிலோமீட்டரில் கொட்டிட்டு 15டபிள்யூ-40 டீசல் இன்ஜின் ஆயில் ஊத்துங்க.

அந்த 12 வோல்ட் பேட்டரியை வீட்டு இன்வெர்ட்டருக்கு மாட்டிட்டதா எழுதியிருக்கீங்க. கார் பேட்டரி இன்வெர்ட்டரில் ஒரு வருஷம்கூட வராது, ஆழமா டிஸ்சார்ஜ் ஆகுறதைத் தாங்கும்படி செஞ்சதில்லை. மச்சான் வண்டிக்குக் கொடுத்துடுங்க.